ஒற்றி வீட்டு ஓடுகள்

நடந்தது இவ்வளவுதான்:

1. வெள்ளைக்காரரின் கப்பல்கள் போனதும் அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை நின்றது.
2. வீட்டை ஈடு வைத்து வாங்கிய கடனுக்கு வட்டி கட்ட முடியவில்லை.
3. வீடு ஒற்றிக்குப் போனது.
4. போன மாதம் நான் அதை மீட்டேன்.

கட்டடப் படவரைஞர் வேலை செய்பவளுக்கு எதையும் இலக்கமிட்டுத்தான் சொல்ல வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று காலை முன்யன்னலின் பச்சைப் பெயின்ற்றைச் சுரண்டினேன். அடியில் சாம்பல் நிறம் எட்டிப்பார்த்தது. கப்பலுக்கு அடிக்கிற பெயின்ற். வேலைத்தலத்தில் மிஞ்சியதை அப்பா கேட்டு வாங்கிவந்து அடித்தது. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். அப்பா வேலைக்குப் போடுகிற சேட்டு மணத்தது.

வேலை நின்றபிறகு ஒருநாள் அந்தச் சேட்டோடுதான் அவர் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். கால் ஆடுகிற கதிரையில், அவரோடு வேலை இழந்த கிண்ணியாக் காசிம் காக்கா. தவணை கேட்டுப் பார்த்தாயிற்று. கடன் தந்த முதலாளி மறுத்துவிட்டார். முன்னறையை வாடகைக்கு விடலாமென்றால், எங்கள் ஒழுங்கையில் எல்லாரும் அதையே நினைத்திருந்தார்கள். வீடுகள் இருந்தன, வர ஆட்கள் இல்லை.

"வழக்கெண்டு கோட்டுக்குப் போனா எல்லாம் போகும் தம்பி. நீங்களே வித்துப்போட்டு, மிஞ்சிறதில கப்பல்துறைப் பக்கம் ஒரு துண்டுக் காணி வாங்குங்க. ஓலைக் கொட்டிலெண்டாலும் மூண்டு பேரும் ஒண்டா இருக்கலாம்," என்றார் காக்கா.

"இவளுக்குச் சீதனமெண்டு கட்டின வீடு காக்கா. வித்தா இவளை ஆர் கேப்பினம்?" என்று என்னைக் காட்டிக் கேட்டா அம்மா.

"தங்கச்சி, இவளுக்கு இன்னும் பால்பல்லே விழுந்து முடியேல்ல!"

அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

விற்கவேண்டாமென்று அம்மா சொன்னபடி வீட்டை ஒற்றி வைத்தார்கள். முதலாளி குடும்பம் எங்கள் வீட்டில் இருக்கும். அதுவே வட்டிக்குப் பதில். கடனின் முதலைக் கொடுத்தால் வீடு திரும்பும். கூரை மட்டும் எங்கள் பொறுப்பு.

அப்பா தம்பலகாமத்துக்கு உழவு மெசின் திருத்தப் போய் அங்கேயே தங்கினார். அம்மாவும் நானும் ஒரு வாடகை அறையில். பின்னேரங்களில் அம்மா அதிகம் கதைக்கமாட்டா. நான் கொப்பியில் வீட்டை வரைந்துகொண்டிருப்பேன். என் தொழில் அங்கே தொடங்கியதென்று பெருமையாகச் சொல்லலாம். உண்மையில் கதைக்க ஆளில்லை.

மாரி மழைக்கு முன் ஓடு மாற்ற அப்பா வருவார். நான் ஏணியைப் பிடிப்பேன். அம்மா படலைக்கு வெளியே நிற்பா.

"உள்ள வாங்கோ அக்கா, தேத்தண்ணி குடிப்பம்," என்பா முதலாளியின் மனைவி.

"இல்லை, காலெல்லாம் புழுதி."

கூரையில் இருந்து அப்பா ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கத்துவார்: "பிள்ளை! உன்ர வீட்டில நாலு ஓடு உடைஞ்சு போச்சு!"

நாங்கள் மூவரும் அந்த வீட்டடியில் ஒன்றாக நின்றது அந்த நாட்களில்தான்.

பிறகு என்னைப் பெண் கேட்டு வந்தவர்கள், "ஒற்றி மீட்டாச்சோ?" என்று விசாரித்துவிட்டுத் திரும்பிப்போனார்கள். அப்பா தம்பலகாமத்திலேயே கண்ணை மூடினார். அம்மா அந்த வாடகை அறையில். காசிம் காக்கா போன கிழமை மீனோடு வந்தார். இரண்டு அறையையும் சுற்றிப் பார்த்தார். அன்று விற்கச் சொன்னதை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

இப்போது கடன் இல்லை. வீட்டின் உறுதிப் பத்திரம் என் பெயரில். மாரிக்கு முன் சில ஓடுகள் மாற்றவேண்டும். ஏற எனக்குத் தெரியும். ஏணியைப் பிடிக்கத்தான் ஆளில்லை.