மனப்பாடப் பலகை

கடையில் என் அக்காவுக்குப் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. கண்ணாடிக் கடையின் பின்னறையில் இருபத்திரண்டு வருடமாக லென்ஸ் தேய்த்து பிரேமில் பொருத்துகிறவள். மயிரிழைக் கீறல்கூட அவளிடம் தப்பாது. முன்னால் உட்கார்ந்து, வருகிறவர்களைச் சுவரிலுள்ள எழுத்துப் பலகையை வாசிக்கச் சொல்வது என் வேலை.

போன மழைக்காலத்தில் அவளுக்கு இடது நெற்றிப்பொட்டில் வலி. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் புத்தி இப்படிப் போகும்: தான் போட்டிருக்கும் கண்ணாடியின் பிரேம் இறுக்குகிறது என்று முடிவு கட்டி, சூடுகாட்டிக் காதுக் காம்பை வளைத்தாள். மறுபடி வலி, மறுபடி வளைப்பு. கடைசியில் கண்ணாடி மூக்கில் நிற்கவே மறுத்தது. தலை சீவினால் எரிகிறது என்றாள், சீப்பை மாற்றினோம். நாலு வாய் மென்றதும் தாடை நோகிறது என்றாள்; பல்லாக இருக்கும் என்றேன். எல்லா வைத்தியமும் பார்த்தோம், டாக்டரை மட்டும் பார்க்கவில்லை.

ஒரு நாள் பின்னறையில் ஏதோ விழுந்து உடையும் சத்தம் கேட்டு ஓடினேன். அக்கா இடது கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாள்.

"என்னாச்சுக்கா?"

"ஒண்ணுமில்லடி. யாரோ திரையை இழுத்துவிட்ட மாதிரி இருந்துச்சு. இப்ப சரியாயிடுச்சு."

பலகை முன்னால் உட்காரவைத்து, வலது கண்ணைப் பொத்தச் சொன்னேன். கடைசிப் பொடி எழுத்துவரை தடங்கலில்லாமல் சொன்னாள். எனக்கு உயிர் வந்தது. என்னைப் போல் ஒரு முட்டாள் உண்டா? அந்தப் பலகையைச் சுவரில் மாட்டியவளே அவள்தான். தினமும் துடைக்கிறவளும் அவள்தான். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள்.

மூன்றாம் நாள் டம்ளருக்கு வெளியே தண்ணீர் ஊற்றினாள்.

"அக்கா, உண்மையைச் சொல்லு. இடது கண்ணு தெரியுதா?"

"அன்னிக்கே பாதி தெரியலடி. சொன்னா வேலையை விட்டு அனுப்பிடுவாங்கன்னு பயந்துட்டேன். இப்ப ஒரே இருட்டு."

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் நெற்றிப்பொட்டைத் தடவிப் பார்த்தார். தோலுக்கடியில் கயிறு மாதிரி தடித்திருந்தது.

"ரத்தக்குழாய் வீங்கியிருக்கு. தலைவலி, தாடை வலி எல்லாம் இதனாலதான். கண் நரம்புக்கு ரத்தம் போகல. போன பார்வை திரும்பறது கஷ்டம்மா. இப்பவே மருந்து ஏத்தலேன்னா இன்னொரு கண்ணும் போயிடலாம்."

"கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்," என்று அக்கா சிரிக்கப் பார்த்தாள். என் கையைப் பிடித்திருந்த அவள் விரல்கள் சில்லிட்டிருந்தன.

வலது கண் தப்பியது. பின்னறைக்கும் திரும்பி வந்துவிட்டாள். டாக்டர் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார். குறைக்கும்போது வீக்கம் திரும்பலாமாம்; ஒவ்வொரு தடவையும் எனக்குத் தூக்கம் போகிறது. பலகையை நான் நம்புவதில்லை. தினமும் கடை திறந்ததும் ஒரு தாளில் புதிதாக எழுத்துகளை எழுதி, பத்தடி தள்ளி நின்று பிடிக்கிறேன்.

இன்று கடைசி வரியில், மூன்றாவது எழுத்தில் நின்றுவிட்டாள்.

"என்னக்கா?"

"கோழி கிறுக்கின மாதிரி எழுதினா எந்தக் கண்ணுக்குடி தெரியும்?"

தாளைத் திருப்பிப் பார்த்தேன். கையெழுத்து நன்றாகத்தான் இருந்தது. எழுத்தும் நேற்றைய அளவுதான்.

"செருப்பை மாட்டுக்கா," என்றேன். அவள் ஆஸ்பத்திரிச் சீட்டைத் தேடி எடுத்தாள்.