நாலு விரல் பிசகும் அறுபதடி அலையும்

எங்கள் அத்தையை யார் வீட்டுக்கும் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. போனால் முதல் வேலையாகக் குளியலறைச் சுவரைத் தட்டிப் பார்ப்பாள். "உள்ள காலியா இருக்கு, சிமெண்டு பிடிக்கல. யாரு போட்டது?" என்பாள். தண்ணீர்ச் செம்போடு வந்த வீட்டுக்காரிக்கு முகம் தொங்கிப்போகும். தம்பி மகள் என்ற முறையில் அந்த மானக்கேட்டையெல்லாம் பக்கத்தில் நின்று அனுபவித்தவள் நான்.

அத்தை டைல்ஸ் பதிப்பவள். கோணலை வெறும் கண்ணாலேயே பிடித்துவிடுவதால், கூட வேலை செய்தவர்கள் மட்டம் பார்க்கும் கருவியின் பெயரையே வைத்துவிட்டார்கள், ரசமட்டம் என்று. அந்த ரசமட்டமே சறுக்கிய இடம், நான் இப்போது டிக்கெட் கொடுக்கும் சுரங்க ரயில் ஸ்டேஷன்.

முதன்முதலில் சுரங்கம் தோண்டியபோதே ஸ்டேஷனுக்கு ஒரு நிறம் என்று முடிவு செய்துவிட்டார்கள். படிக்கத் தெரியாதவரும், தூங்கி வழிந்து திடுக்கிட்டு விழிப்பவரும் சுவரைப் பார்த்தே இறங்கிக்கொள்ளலாம். எங்களுக்கு வாய்த்தது நீலம். வெள்ளைச் சுவரில் தோள் உயரத்துக்கு ஒரு நீலப் பட்டை, பிளாட்பாரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை. ஒரு முனையில் அத்தையின் ஆட்கள் தொடங்கினார்கள். எதிர்முனையில் இன்னொரு கூட்டம். அதன் மேஸ்திரிதான் பிற்பாடு எங்களுக்கு மாமா ஆனவர்.

அத்தை தரையிலிருந்து அளந்தாள். மாமா மேலே உத்தரத்திலிருந்து கீழே அளந்தார். கழுவிய தண்ணீர் வடிவதற்காகத் தரையை லேசாகச் சரித்துக் கட்டியிருந்தார்கள். அது அத்தைக்கு உறைக்கவே இல்லை. ஆறு வாரம் கழித்து நடுவில் சந்தித்தபோது, அவள் நீலம் அவர் நீலத்துக்கு நாலு விரல் கீழே நின்றது.

"தரை சரிவா இருக்கறது கண்ணுக்குத் தெரியலியா?"

"ஜனங்க தரையிலதானய்யா நடக்கறாங்க, உத்தரத்துலயா நடக்கறாங்க?"

உடைக்க இருவரும் மறுத்தார்கள். கடைசியில் அத்தைக்கு ஒரு யோசனை வந்தது. பட்டையை அலை மாதிரி ஏற்றி இறக்கிச் சேர்த்துவிடலாம். மாமா உடனே சரி என்றார். ஆனால், "சின்னதா இருந்தா ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கும், அறுபதடிக்கு விடுவோம்" என்று ஒற்றைக் காலில் நின்றார். ஒவ்வொரு டைலையும் வளைவுக்குத் தக்கபடி வெட்ட வேண்டும். வெட்டியது மாமா. வெட்ட வெட்ட உடைந்தது. வேலை பதினோரு நாள் இழுத்தது. இப்படி ஒரு சோம்பேறியைப் பார்த்ததே இல்லை என்று அத்தை கத்தினாள். அந்த மாதமே அந்தச் சோம்பேறியைக் கட்டிக்கொண்டாள், அது வேறு கதை. தப்பு யாருடையது என்ற சண்டைக்கு இப்போது முப்பத்தோரு வயது.

போன மாதம் ஸ்டேஷனுக்குச் சீரமைப்புப் பட்டியல் வந்தது. கட்டும்போதே திட்டமிட்டுச் செய்த வேலைப்பாடு அப்படியே இருக்கலாம், பிழைகளைத் திருத்த வேண்டும் என்பது விதி. அதற்குக் கீழே, "நீலப் பட்டை: மட்டப் பிழை. உடைத்து நேராக்கவும்" என்று போட்டிருந்தது. அத்தையிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

அத்தை அழுதுவிட்டாள். "காலமெல்லாம் நேர்கோடாவே போட்டேன்டி. என் கையால வந்ததுல அது ஒண்ணுதான் ஆடுது, பாடுது."

மறுநாள் காலை இன்ஜினியர் பெண் சுவரைப் பார்க்க வந்தபோது இருவரையும் கூட்டிப்போய் நிறுத்தினேன். திட்டம் போட்டுச் செய்ததுதான் என்று ஒரு வார்த்தை சொல் என்று அத்தையிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். கேட்டால்தானே!

"அளவுல பிசகினது நாந்தாம்மா" என்றாள். முப்பத்தோரு வருடத்தில் முதல் தடவை! மாமாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அப்போ பிழைய மறைக்கப் போட்ட அலைதானே? நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா" என்றபடி இன்ஜினியர் டேப்பைப் பிடித்தாள். பிடித்தவள் நின்றாள். "நாலு விரலுக்குப் பத்தடி தாராளம். அறுபதடி எதுக்கு?"

"இந்த மனுஷனக் கேளுங்க!"

மாமா அசடு வழிந்தார். காது வரை சிவந்துவிட்டது.

"பத்தடின்னா ரெண்டே நாள்ல முடிஞ்சிருக்கும்" என்றார் சுவரைப் பார்த்து. "இவ ஆளுங்களக் கூட்டிக்கிட்டு அடுத்த ஸ்டேஷனுக்குப் போயிருப்பா. அப்புறம் இவள நான் எங்க போய்த் தேடுறது?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அத்தை அவர் பக்கம் திரும்பினாள்.

"அப்ப அந்த டைல்ஸ் உடைஞ்சுக்கிட்டே இருந்துச்சே?"

"வேணும்னேதான் உடைச்சேன்."

"எத்தன?"

"நாப்பதுக்கு மேல இருக்கும்."

"அப்ப மிச்சம் அம்பது அடி பிழைக்காகப் போட்டது இல்ல, திட்டம் போட்டுச் செஞ்சது" என்று இன்ஜினியர் பட்டியலில் அந்த வரியை அடித்தாள். காரணம் என்ற கட்டத்தில் கொஞ்சம் யோசித்து, 'அழகுக்காக' என்று எழுதிவிட்டுப் போனாள்.

வண்டி வந்தது. "வாங்க, வீட்டுக்குக் கிளம்புங்க" என்றேன். அத்தை அலையின் மேல் கையை வைத்துக்கொண்டு மெதுவாக நடந்தாள். மாமா பின்னாலேயே போனார்.

"அடுத்த வண்டியில போலாம்" என்றாள் அத்தை.

அடுத்த வண்டி வந்தபோதும் அதையேதான் சொன்னாள். அதற்கடுத்த வண்டிக்கும்.