செவ்வரத்தம்பூச் சோதனை

அப்போது நாங்கள் கெலிஓயாவில் வாடகைக்கு இருந்தோம். கணவர் வேன் ஓட்டினார். நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தேன். வேன் பற்றரிக்கு ஊற்றும் தண்ணீரும் அசிட்டும் ஒரே மாதிரியான இரண்டு போத்தல்களில் குசினித் தட்டில் இருந்தன. பெயர் எழுதி ஒட்டச் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் ஒட்டவில்லை.

ஒரு சனிக்கிழமை, வெளியே துணி காயப் போடும்போது கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது. ஓடினேன். கதிரையில் ஏறி ஒரு போத்தலை இழுத்துவிட்ட என் இரண்டு வயது மகன் வீறிட்டு அழுதுகொண்டிருந்தான். சட்டை நனைந்திருந்தது. வாயும் ஈரம். அது கண்ணீரா, போத்தலில் இருந்ததா என்று தெரியவில்லை.

அவனைத் தூக்கிப்போய்ப் பைப்படியில் வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். எரிந்து அழுகிறானா, பயந்து அழுகிறானா?

நான் ராத்தா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா ஓடிவந்தார்.

"என்ன புள்ள, என்ன நடந்த?"

"கொட்டுனது அசிட்டா தண்ணியான்னு தெரியல ராத்தா. இவனப் புடிங்க, தண்ணி ஊத்திக்கிட்டே இருங்க."

அவருடைய கணவர் வாகனம் பிடிக்கப் போனார். நான் வேலியிலிருந்து செவ்வரத்தம்பூ ஒன்றைப் பறித்து வெள்ளைத் தாளில் தேய்த்தேன். ஊதாக் கறை படிந்தது. வகுப்பில் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு செய்யும் சோதனை; அசிட் பட்டால் அந்தக் கறை சிவக்கும். தேசிக்காய்ச் சாறு ஒரு துளி விட்டேன். சிவந்தது. பூ சரிதான்.

தரையில் கொட்டியதைத் தொட்டு வைத்தேன். நிறம் மாறவில்லை. ஆனால் சிமெந்துத் தரை அசிட்டின் குணத்தைக் கெடுத்திருக்குமே? உடைந்த போத்தலின் அடியில் தேங்கியிருந்ததை ஈர்க்கில் தொட்டு வைத்தேன். அதுவும் ஊதாவாகவே நின்றது. தட்டில் மிச்சமிருந்த போத்தலைத் திறந்து, அதிலும் ஒரு துளி. வைத்தவுடனே கறை இரத்தச் சிவப்பானது.

தாளோடு பைப்படிக்கு ஓடினேன்.

"தண்ணிதான் ராத்தா."

"அல்ஹம்துலில்லாஹ். எதுக்கும் டொக்டர்ட்ட காட்டுவம், வாங்க."

டொக்டர் வாயையும் தொண்டையையும் பார்த்துவிட்டு, "புண் ஒண்டும் இல்ல. நீங்கதான் நடுங்குறீங்க, கொஞ்சம் இருங்கோ," என்றார்.

கணவர் வந்ததும் சண்டை பிடிக்க எனக்குத் தெம்பில்லை. நடந்ததைச் சொன்னேன். அவர் அசிட் போத்தலைக் கராஜில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

பின்னேரம் மகன் வாழைப்பழத்தோடு பாண் தின்றான். ஒவ்வொரு வாயையும் அவன் விழுங்கி முடிக்கும்வரை நான் அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.