மூலைத் தூணுக்குக் கேட்ட ஒரு சிட்டிகை

வீராசாமி அண்ணன் போய்விட்டார். இன்று காலை, செங் ஊரில் மகள் வீட்டில், தூக்கத்திலேயே.

மகள் செல்வி போன் பண்ணியபோது என் ஜன்னலுக்கு வெளியே மெஷின் இடித்துக்கொண்டிருந்தது. பாதி கேட்கவில்லை. "அப்பா" என்றது மட்டும் கேட்டது... போதும்.

மலாக்கா டவுனில் என் வீட்டுக்கு எதிரே இருக்கும் மூன்று மாடிக் கடை வரிசையைத்தான் இடிக்கிறார்கள். சுற்றிலும் நீலத் தகரம் அடித்துவிட்டார்கள். இருபது மாடி வரப்போகிறது என்று போர்டு வேறு.

"பழைய கட்டடம் போகுதே" என்று நீங்கள் எல்லாம் போட்டோ போட்டுப் புலம்புகிறீர்கள். நான் ஒன்றுக்கும் லைக் போடவில்லை. அது எழும்பியபோது அங்கே செங்கல் சுமந்தவள் நான்.

அப்போது எமர்ஜென்சி காலம், வெள்ளைக்காரன் ஆட்சி; காட்டில் கம்யூனிஸ்ட் போராளிகள். டவுனில் அத்தாப்பு ஓலைக் கூரைக் கடைகளைப் பிரித்துப் போட்டுவிட்டுக் கல் கட்டடம் எழுப்பினார்கள். டுரியான் துங்கால் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து எங்களைத் தினமும் லோரியில் ஏற்றி வருவார்கள். அண்ணன் எங்கள் தோட்டத்துக் கொத்தனார், கூடப் பிறந்தவர் இல்லை. எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம்.

அண்ணன் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு தூக்குக் குண்டு பிடித்துப் பார்ப்பார். நூல் விலகினால், "செவுரு சிரிக்குது பாரு" என்பார். உடனே பிரித்துவிடுவார், சீன முதலாளி தவுக்கே கத்தினாலும் சரி.

மூலையில் முதல் தூணுக்குக் குழி எடுத்த அன்று தவுக்கே ஊதுபத்தி கொளுத்திக் கும்பிட்டார். அண்ணன் என்னிடம் வந்தார்.

"அவங்க சாமிக்கு அவங்க வச்சிட்டாங்க. நம்ம கையாலதான எழுப்புறோம்... நம்ம மாரியாத்தாளுக்கும் வைக்கணும்லா. நவதானியத்துல ஒவ்வொன்னுலயும் ஒரு சிட்டிகை போதும். தோட்டத்துக் கோயில்ல வச்சு எடுத்துட்டு வா புள்ள."

அப்போது அவர் கல்யாணமாகாத தனியாள். அடுப்பு எரிகிற வீடு என்னுடையதுதான். அதனால் என்னிடம் கேட்டார்.

தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி. கேட்டைத் தாண்டி ஒரு பிஸ்கட்கூடக் கொண்டுபோகக் கூடாது. காட்டில் இருப்பவர்களுக்குச் சாப்பாடு போய்ச் சேர்ந்துவிடுமாம். பிடிபட்டால் ஜெயில்.

சிட்டிகையாக இருந்தால் காகிதத்தில் மடித்துக் கொண்டையில் செருகியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

ஆனால் சாமிக்கு அளந்து வைக்கிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. மற்ற எட்டும் சிட்டிகைதான் எடுத்தேன். அரிசி மட்டும் ஒரு பால் டின் நிறைய... முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டேன். அம்மனுக்குக் குறை வைக்கவில்லை என்று மனதுக்குள் பெருமை வேறு.

கேட்டில் சோதனை போடும் பெண்ணின் கை என் இடுப்பில் நின்றது. முடிச்சை அவிழ்த்தாள். அரிசி கொட்டியது, செம்மண்ணில் வெள்ளை வெளேரென்று.

பயத்தில் எனக்குக் காலோடு மூத்திரம் போய்விட்டது.

அண்ணன் லோரியிலிருந்து இறங்கி வந்தார். கீழே கிடந்ததைப் பார்த்தார். என்னை ஒரு தடவை பார்த்தார்.

"அது என் சாமான். நான்தான் கொண்டாரச் சொன்னேன், இம்புட்டும். இந்தப் புள்ளைக்கு ஒன்னும் தெரியாது."

அண்ணனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

அன்றைக்கே அந்த மூலைத் தூணுக்குச் சிமெண்டு ஊற்றினார்கள். குழியில் யாரும் எதுவும் வைக்கவில்லை. கலவையைத் தலையில் சுமந்து போய்க் கொடுத்தவளும் நான்தான்.

இரண்டு மழைக்காலம் கழித்துத் திரும்பி வந்தார். வலது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவர் கொத்துக் கரண்டி பிடிக்கவே இல்லை. மற்றவர்கள் கட்டுகிற இடத்தில் ஜாகா வேலை, காவலுக்கு உட்கார்ந்திருப்பார்.

அந்தத் தூணில் மேலிருந்து கீழே ஒரு விரிசல் விழுந்தது. கடைக்காரர்கள் எத்தனை முறை பூசினாலும் அதே இடத்தில் திரும்ப வந்தது.

ஒரு நாள் மழைக்கு அங்கே ஒதுங்கி நின்றேன். எதிர்ப்பக்கத்திலிருந்து அண்ணன் கூப்பிட்டார், தொப்பலாக நனைந்துகொண்டு.

"புள்ள, அங்க நிக்காத. அது ஒன்னும் வைக்காத வெறுந்தூணு, ஆளக் கேக்கும். இங்க வந்துடு."

ரோட்டைத் தாண்டிப் போனேன். சொல்லிவிடலாம் என்றுதான் வாயெடுத்தேன். "அண்ணே, அன்னைக்கு அந்த அரிசி..."

"மழ வலுக்குது. நட."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு எனக்குத் தைரியம் வரவே இல்லை.

போன மாதம் இடிக்கப் போகிற செய்தியை அண்ணனிடம் சொன்னேன். "மூலத் தூண எப்ப எடுக்குறாங்கன்னு பாத்து சொல்லு" என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "சும்மாதான்" என்றார்.

நேற்று மத்தியானம் எடுத்தார்கள். உடனே போன் பண்ணினேன்.

"புதுக் குழிக்கு யாராச்சும் எதாச்சும் வச்சாங்களா?"

"தெரியல அண்ணே. மெஷின் மட்டும்தான் நிக்குது."



"நீ அந்தப் பக்கம் போவாத புள்ள."

அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். இதை டைப் பண்ணும்போதும் தரை அதிர்கிறது. மேசையில் தண்ணீர் டம்ளர் ஆடுகிறது. பயமாகத்தான் இருக்கிறது.

செல்வி, உன் அப்பா கேட்டது ஒரு சிட்டிகை. அந்தப் பால் டின் அரிசி என்னுடையது. அவர் வீட்டில் சொல்லியிருக்க மாட்டார் என்று தெரியும். இத்தனை வருஷம் கழித்து, எல்லார் முன்னாலும் நான் சொல்கிறேன்.

நாளைக் காலை பத்து மணிக்குச் செங்கில் அண்ணனை எடுக்கிறார்கள். தெரிந்தவர்கள் வந்துவிடுங்கள்.

வாய்க்கரிசிக்கு என் வீட்டிலிருந்து அரிசி கொண்டு வருகிறேன், அண்ணே. ஒரு சிட்டிகைதான்.