பீலிக்கரை ஆத்தா

கொண்டைக்கல் தேயிலைத் தோட்டத்துக் கூலிவீட்டு வரிசைகளில் கடைசி லயத்தில் பேச்சியம்மாளோடு வாய் கொடுத்து ஜெயித்தவர்கள் யாரும் இல்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் தராசு முள் கொஞ்சம் கீழே நின்றாலும், "ஐயா, முள்ளுக்கு மூச்சு வாங்குதுங்க, செத்த நிக்க விடுங்க" என்பாள். கணக்கப்பிள்ளைக்குச் சிரிப்பும் வரும், கோபமும் வரும். றாத்தலை மட்டும் சரியாகப் போட்டுவிடுவார். அந்த வாயும் சில இடங்களில் செல்லாது என்பதை அவள் ஐம்பத்தேழாம் வருஷத்து மழைக்காலத்தில்தான் தெரிந்துகொண்டாள்.

அவள் பிறந்தது அதே லயத்தில். சமைந்தது, கட்டிக்கொண்டது, புருஷனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தது எல்லாம் அங்கேயேதான். கடலை அவள் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் வம்சம் இந்தியாவிலிருந்து வந்தது, அவள் இந்த நாட்டுக்காரி இல்லை என்று கொழும்பில் சட்டம் போட்டுவிட்டார்கள். நாற்பத்தேழில் ஒரு தடவை ஓட்டுப் போட்டாள், பிறகு அந்த ஓட்டும் போனது. அதற்காக அவள் அழவில்லை. ஓட்டா வந்து உலையில் அரிசி போடுகிறது என்று கேட்டவள் அவள். ஒரு கூடைக் குப்பையைத் தடுக்கவும் ஓட்டு வேண்டும் என்று அப்போது யார் கண்டார்கள்.

லயத்துக்குத் தண்ணீர் பீலியில் வந்தது. மலை இடுக்கில் கசிகிற ஊற்றை ஒரு நீளத் தகரத்தில் வாங்கி விழவிட்டால் அதுதான் பீலி. குடிக்க, குளிக்க, துவைக்க, பிள்ளை கழுவ எல்லாம் அந்த ஒரு தண்ணீர்தான். பீலிக்கு மேலே பள்ளம், பள்ளத்துக்கு மேலே வண்டிப்பாதை, பாதையைத் தாண்டினால் டவுன். டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் பஸ்ஸுக்கு நிற்கிற அளவுக்கான டவுன்தான். ஆனாலும் அதற்கு ஒரு பட்டின சபை இருந்தது, சபைக்கு ஒரு சேர்மன் இருந்தார், சேர்மனுக்குச் சுத்தத்தின் மேல் திடீரென்று ஆசை வந்தது.

இனிமேல் கடைவீதியிலோ சாக்கடைக் கானிலோ குப்பை போட்டால் அபராதம் என்று சபை தீர்மானம் போட்டது. நல்ல தீர்மானம், குறை சொல்ல முடியாது. ஆனால் அள்ளிய குப்பையை எங்கே கொண்டுபோவது? தோட்டத்துப் பெரிய தொரை பெருந்தன்மையாக அந்தப் பள்ளத்தைக் கொடுத்தார். அதற்குப் பதிலாக அவருடைய பங்களாப் பாதையைச் சபை செப்பனிட்டுக் கொடுத்தது. இரண்டு பெரியவர்களுக்கும் திருப்தி. கீழே ஒரு லயம் இருப்பதை இரண்டு பேருமே மறந்துபோனார்கள்.

முதல் மழையிலேயே பீலியில் மீன் தலை வந்தது. பிறகு அழுகிய முட்டைக்கோவா இலை, லாம்புச் சிமினித் துண்டு, எதன் முடி என்று தெரியாத முடி. பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் தொடங்கியது. பேச்சியம்மாளின் மகள் பூரணி, வட்டவளையில் வாக்கப்பட்டவள், தலைப்பிரசவத்துக்கு அப்போதுதான் தாய்வீடு வந்திருந்தாள். இந்தத் தண்ணீரிலா என் பேரப்பிள்ளையைக் குளிப்பாட்டப் போகிறேன் என்று பேச்சியம்மாளுக்கு நெஞ்சு எரிந்தது.

மறுநாள் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில், தோட்ட வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயாவிடம் போய் நின்றாள்.

"குப்ப டவுன் குப்ப. அது சபை விசயம். தோட்டம் என்னா செய்யிறது?" என்றார் அவர்.

டவுனில் மளிகைக் கடை வைத்திருந்த மக்பூல் முதலாளி சபையில் ஒரு மெம்பர். அவளுக்குப் பழக்கமான மனிதர். ஒரு போத்தலில் பீலித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போய் அவர் மேசையில் வைத்தாள்.

"மொதலாளி, இதுல ஒரு டீ போட்டுக் குடிச்சுக் காட்டுங்க. நான் பேசாமப் போயிடுறேன்."

மக்பூல் போத்தலைத் தொடவில்லை. "நான் சபையில பேசுறேன் புள்ளே. ஆனா ஒண்ணு சொல்றேன். ஒங்க லயத்துல ஒருத்தருக்காச்சும் ஓட்டு இருந்தா எம் பேச்சுக்கு ஒரு கனம் இருக்கும்."

சொன்னபடி அவர் பேசத்தான் செய்தார். சபையின் பதில் அடுத்த கிழமை வந்தது. தண்ணீரை அசுத்தப்படுத்தக் கூடாது என்று சட்டம் இருப்பது உண்மை. ஆனால் பள்ளம் தோட்டத்துக் காணி. சபையின் சட்டம் சபையின் எல்லைக்குள்தான் செல்லும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். பேச்சியம்மாளுக்கு இடி மட்டும் விழுந்தது. அடிக்கிறவன் கை எது என்றே தெரியாமல் நின்றாள்.

சபையின் குப்பை வண்டியை ஓட்டியவர் நல்லமுத்து. பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர்தான். எத்தனை தடவை திட்டினாலும், "சொன்ன எடத்துல கொட்டுறது எம் பொழப்பு தங்கச்சி" என்று மாட்டைத் தட்டிக்கொண்டு போய்விடுவார். ஆனால் அவரிடம் ஒன்றை அவள் கவனித்திருந்தாள். பாதை வளைகிற முடக்கில் முனியாண்டி கல் ஒன்று உண்டு. அங்கே வந்ததும் நல்லமுத்து வண்டியை நிறுத்தி இறங்குவார், தலைத்துண்டை எடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் நகர்வார். அவர் மட்டுமல்ல, வண்டிக்காரர்கள் எல்லாருமே அப்படித்தான்.

தொரைக்குப் பயப்படாதவன், சட்டத்துக்குப் பயப்படாதவன் எல்லாம் எதற்குப் பயப்படுகிறான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை பெரட்டுக்குப் போகுமுன், லயத்துக் கான் தண்ணீர் கலக்கிற ஓடையிலிருந்து நீளமான கல் ஒன்றை எடுத்து வந்து பீலிக்குப் பக்கத்தில் ஊன்றினாள். மஞ்சள் பூசினாள், குங்குமம் வைத்தாள். தன் பழைய சிவப்புச் சேலையில் ஒரு கிழிசலைச் சுற்றிவிட்டு, எலுமிச்சம்பழம் ஒன்றையும் வைத்துவிட்டுக் கொழுந்தெடுக்கப் போனாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

நல்லமுத்து வந்தார், மேலேயிருந்து பார்த்தார். குப்பையோடு வண்டியைத் திருப்பிக்கொண்டு நேரே சபைக்குப் போனார். "சாமி தலைக்கு மேல நான் கொட்ட மாட்டேன். என்னைய வேலைய விட்டு நிப்பாட்டினாலும் சரி" என்றார். மற்ற வண்டிக்காரர்களும் அதையே சொன்னார்கள். தேர்தல் வருகிற நேரம், சாமியோடு சேர்மனுக்கு எதற்குச் சண்டை. பள்ளத்தில் குப்பை கொட்டுவது நின்றது.

அடுத்த மழை பள்ளத்தைக் கழுவிக் கொடுத்தது. பீலியில் பழையபடி கண்ணாடித் தண்ணீர். பேச்சியம்மாள் தனக்குள் சிரித்துக்கொண்டே குடம் குடமாகச் சுமந்தாள். அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுசு குறைவு.

தோட்டத்துக் கோயில் தலைவர் அழகுமுத்து ஒருநாள் கல்லின் முன்னால் விழுந்து கும்பிட்டார். ஆத்தா தானாக முளைத்து வந்திருக்கிறாள் என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை காளியாயி என்கிற பெண்ணுக்கு அருள் வந்தது. "பீலிக்கரைக்காரி வந்திருக்கேன்டா" என்று அவள் ஆடிய ஆட்டத்தில் லயமே நடுங்கியது. பூசை தொடங்கியது, வேலி வந்தது. வேலியோடு சட்டமும் வந்தது. ஆத்தா காலடியில் சவர்க்காரம் போடக் கூடாது, குளிக்கக் கூடாது, தீட்டு வீட்டுக்காரர்கள் தண்ணீர் மொள்ளக் கூடாது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, இங்கே அம்மனைப் பிடித்து அந்த நிலைமை.

சேர்மனே வந்து விளக்கேற்றினார். கூரைக்குச் சபையிலிருந்து தகரம் கொடுத்தார், சிங்களத்தில் எழுதிய பலகை ஒன்றையும் நடவைத்தார். உடன் வந்த மக்பூலிடம் பேச்சியம்மாள் கேட்டாள்.

"என்னாங்க மொதலாளி எழுதியிருக்கு?"

"புனிதமான எடம். குளிக்க, துவைக்கத் தடை. மீறினா அபராதம். பட்டின சபை."

"குப்ப கொட்டையில இது சபை எல்லைக்கு வெளியில இருந்துச்சே. இப்ப மட்டும் உள்ள வந்துருச்சாங்க?"

மக்பூல் பலகையை இன்னொரு தடவை வாசிப்பதுபோல நின்றார். பிறகு சேர்மன் பின்னாலேயே நடந்தார்.

அந்தக் கிழமையே பூரணிக்கு வலி கண்டது. லயத்து மருத்துவச்சி கையில் ஆண்பிள்ளை பிறந்தான், கறுப்பாக, உரத்த குரலோடு. பாட்டியின் வாய் என்று எல்லாரும் சிரித்தார்கள். பிள்ளை குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க பேச்சியம்மாள் குடத்தோடு போனபோது, வேலிப் படலில் அழகுமுத்து கையை நீட்டி மறித்தார்.

"பிள்ள பொறந்த வீடு. முப்பது நாத் தீட்டு. தெரியாதா ஒனக்கு?"

"கான் தண்ணியிலயா பச்சப் புள்ளயக் குளிப்பாட்டச் சொல்றீங்க?"

"நாலு வீட்டுல கேளு. ஆளுக்கொரு கொடம் கொண்டாந்து தருவாங்க."

தரத்தான் செய்தார்கள், இரண்டு நாள். பிறகு அவரவர் வீட்டுக்கே தண்ணீர் போதவில்லை. பிரசவத்துணி மூலையில் குவிந்து நாறியது. அவள் மறுபடியும் அழகுமுத்துவிடம் போனாள். இந்தத் தடவை மறைக்கவில்லை.

"அண்ணே, அந்தக் கல்ல நட்டது நானு. ஓடையில கெடந்த கல்லு. குப்பைக்குப் பயந்து நட்டேன். எம் பழைய சீலதான் அதுல சுத்தியிருக்கு, பாருங்க."

அழகுமுத்துவுக்குக் கோபம்கூட வரவில்லை. பரிதாபமாகப் பார்த்தார். "நட்டது நீயா இருக்கலாம் பேச்சி. வந்து இருக்கிறது ஆத்தா."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது பழைய பேச்சு. இங்கே சாமியைக் கொடுத்தவளுக்கே வரம் இல்லை. சபைக்காரனைத் திட்டலாம், தொரையைத் திட்டலாம். இதற்கு யாரைத் திட்டுவது? வீட்டுக்கு வந்து சுவரில் தலையை முட்டிக்கொண்டாள்.

விடிந்ததும் இடுப்பில் குடமும் கையில் மம்பட்டியுமாகக் கிளம்பினாள். கல்லைப் பிடுங்கி ஓடையிலேயே போட்டுவிடுவது என்று தீர்மானம். படலைத் தள்ளி உள்ளே போய் மம்பட்டியை ஓங்கினாள். மேலே பாதையில் வண்டிச் சத்தம் நின்றது.

"தங்கச்சி, பிடுங்கப் போறியா?" நல்லமுத்துவின் குரல். "பிடுங்கினா சொல்லிடு. நாளைக்கே இங்க கொட்டச் சொல்லிடுவாங்க."

ஓங்கிய கை அப்படியே நின்றது. "இப்ப எங்கண்ணே கொட்டுறீங்க?"

"மலைக்கு மேல, மேக்கணக்குப் பிரிவுப் பக்கம். ராசம்மா இருக்காள்ல, அந்த லயத்துக்கு மேல."

"அங்கயும் பீலி இருக்கே அண்ணே."

"இருக்கு." நல்லமுத்து தலைத்துண்டை அவிழ்த்து மடியில் வைத்தார். "நேத்துப் பாத்தேன். அங்கயும் ஒரு கல்லு நட்டு மஞ்சப் பூசியிருக்காங்க. இந்தக் குப்பைய நான் எங்கதான் கொண்டுபோறது?"

பேச்சியம்மாள் மேக்கணக்குப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ராசம்மாள் வீட்டிலும் கைப்பிள்ளை உண்டு. அந்தப் பீலிக்கும் ஓர் அழகுமுத்து வருவார், சேர்மன் வருவார், பலகை வரும். லயத்திலிருந்து பேச்சியம்மாளின் பேரன் வீறிட்டு அழுவது கேட்டது. மம்பட்டியைக் கீழே போட்டாள். குடத்தைக் கொண்டுபோய்ப் பீலிக்கு நேராக, கல்லின் முகத்துக்கு எதிரிலேயே வைத்தாள்.

"ஆத்தா, ஒன்னைய நட்டவ நானு," என்றாள். "செத்த கண்ண மூடிக்க."

குடம் நிரம்புகிற வரைக்கும் நல்லமுத்து வண்டியில் மறுபக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.