புடிச்சிதா சார்?

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு சித்திரை மாதக் காலையில், மரக்காணம் உப்பளத்து வரப்பின் மேல் நடந்தது இது. இன்று நினைத்தாலும் எரிச்சல்தான் வருகிறது, அதுவும் என் மேலேயே.

எனக்குக் கோட்டக்குப்பம். துபாயில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தவன். மற்றவர்கள் தங்கம் கொண்டுவந்தார்கள், நான் பழைய ரீல் கேமரா ஒன்று கொண்டுவந்தேன். அதற்குத் துணையாக, என்னைவிடக் கொஞ்சமே இளைய ஒரு மஞ்சள் காரும் வாங்கினேன். அதில் கேசட் பாடும்.

"மூணும் ஊரே வேணாம்னு விட்ட சாமான். உங்களச் சேத்தா நாலு" என்பாள் என் மனைவி.

பாண்டிச்சேரியில் நண்பர்கள் சேர்ந்து, ரீலில் எடுத்த படங்களுக்கு மட்டும் ஒரு கண்காட்சி வைத்தார்கள். எனக்கும் சுவரில் ஓர் இடம். என் பேர் அச்சடித்த சீட்டைக்கூட ஒட்டிவிட்டார்கள். அதற்கு மேலே மாட்டத்தான் படம் இல்லை. ஒரு மாதம் அவகாசம் இருந்தது. அதைக் கேமராவைத் துடைத்தே கழித்திருந்தேன். மறுநாள் திறப்பு. அன்று மதியத்துக்குள் ரீலை லேபில் கொடுத்தால்தான் உண்டு. தெருவில் எல்லோரிடமும் "உப்பளத்தப் படம் எடுக்கப்போறேன், வந்து பாருங்க" என்று வேறு சொல்லிவைத்திருந்தேன்.

வரப்பில் காரை நிறுத்தி, கதவைத் திறந்துவைத்து, பழைய பாட்டைப் போட்டுவிட்டு இறங்கினேன். மூடு வர வேண்டாமா?

ஐந்து பெண்கள் வேலையில் இருந்தார்கள். புடவைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்ட ஒரு அம்மாதான் அவர்களுக்குத் தலைவி மாதிரி தெரிந்தார். வெயில் அழகாக விழுந்த ஒரு பாத்தியைக் காட்டி, "இத வாருங்கம்மா, எடுத்துக்கிறேன்" என்றேன்.

"அது இன்னும் புடிக்கல சார்."

"எது?"

"உப்புதான். கைய விட்டுப் பாத்தாதான் தெரியும். புடிக்கிறதுக்கு முன்னாடி வாரினா சேறுதான் வரும்."

சரி, உப்பு சுமந்து வருவதையாவது எடுக்கலாம் என்று இறங்கிவந்தேன். அந்த அம்மா தலையில் கூடையோடு வரப்பில் நடந்தார். எனக்குத் திருப்தியில்லை. திரும்பி நடக்கச் சொன்னேன். மேகம் மறைத்தது. இன்னொரு தடவை நடக்கச் சொன்னேன்.

"சூரியன் வரட்டும்மா, கொஞ்சம் நில்லுங்க."

"சூரியன் வரும் சார். பின்னாடியே மேஸ்திரியும் வருவாரு."

நான்கு தடவை நடந்தார். முப்பத்தாறு படம் விழ வேண்டிய ரீலில் முப்பத்தேழு, முப்பத்தெட்டு என்று எண் ஓடிக்கொண்டே இருந்தது. கம்பெனிக்காரன் தாராளமாகப் போட்டிருக்கிறான் என்று நினைத்தேன். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"காட்டுங்க சார், புடிச்சிதான்னு பாப்போம்" என்றார் அந்த அம்மா.

கேமராவின் முதுகைக் காட்டினேன். வெறும் கறுப்பு. "இது ரீல் கேமராம்மா. உடனே பாக்க முடியாது. நம்பணும்."

"கைய விட்டுக்கூட பாக்க முடியாதா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. கலை என்றால் என்ன, பொறுமை என்றால் என்ன என்று ஒரு பிரசங்கமே வைத்தேன். அந்த அம்மா தலையில் உப்புக்கூடையோடு நின்று முழுவதையும் கேட்டார். ஆளுக்கொரு பிரிண்ட் கொண்டுவந்து தருவதாகச் சொல்லிவிட்டு, காரில் ஏறிச் சாவியைத் திருப்பினேன்.

முனகல்கூட இல்லை. அத்தனை நேரம் பாடிய பாட்டு பேட்டரியைக் குடித்துவிட்டிருந்தது.

"வண்டி பாட்டுக்கு மட்டுந்தான் ஓடும் போல" என்று யாரோ சொன்னார்கள். ஐந்து பேரும் வந்து தள்ளினார்கள். அதில் ஓர் இளம்பெண் மட்டும் செல்போனை எடுக்க நின்றுவிட்டு, பிறகு ஓடி வந்தாள். நானும் இறங்கி, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தள்ளினேன். தாவி ஏறி கியரைப் போட்டதும் வண்டி உறுமியது. நின்ற இடத்திலிருந்து பாட்டும் தொடர்ந்தது.

மதியம் லேப்காரர் ரீலை இருட்டறையில் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"பாய், ரீல் சுத்தவே இல்ல. நாக்கு மாட்டல. போட்டது போட்டபடியே இருக்குது."

ரீலின் நுனியை உள்ளே சரியாக மாட்டாமலே மூடியிருக்கிறேன். நாற்பது தடவை அழுத்தியதில் ஒன்றுகூட விழவில்லை. புடிக்கவே இல்லை.

மறுநாள் கண்காட்சியில் என் பேர்ச்சீட்டுக்கு மேலே வெள்ளைச் சுவர். பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன சொல் தவறாமல் வந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"என்ன பாய், வெறும் உப்பா இருக்குது?"

அந்த வாரம் முழுக்க எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். ஆனால் பிரிண்ட் தருவதாகச் சொன்னது உறுத்திக்கொண்டே இருந்தது. இரண்டு வாரம் கழித்து, இந்தத் தடவை பஸ்ஸில், மரக்காணம் போனேன். அந்த அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன்.

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அப்ப நாலு வாட்டி சொமந்து நடந்தது?"

தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவரே, "ஏய், அந்த போன எடு" என்று அந்த இளம்பெண்ணைக் கூப்பிட்டார்.

படம் அவ்வளவு துல்லியம். முட்டிவரை உப்பு அப்பிய பேன்ட், கழுத்தில் தொங்கும் கேமரா, திறந்த வாய், மஞ்சள் கார், அதற்குப் பின்னால் குனிந்து தள்ளும் நாலு பேர். அந்த அம்மாவின் முகத்தை அன்றுதான் சரியாகப் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு தள்ளுகிறார். நாற்பது தடவை கேமரா வழியாகப் பார்த்தும் என் கண்ணில் படாத முகம்.

"நாங்க உங்கள புடிச்சிட்டோம். நல்லா புடிச்சிருக்குது பாருங்க" என்றார். அப்போதுதான் சிரித்தார்.

அதை வாங்கி ஐந்து பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். ஆறாவது என் வீட்டு ஹாலில் தொங்குகிறது. வருகிறவர்களிடம் என் மனைவியே விளக்கம் சொல்கிறாள், எனக்கு வாய்ப்பு தருவதில்லை. இப்போதும் யாரிடமாவது "நம்பணும்" என்று வாயெடுத்தால், தலையில் கூடையோடு நின்று என் பிரசங்கத்தைக் கேட்ட அந்த அம்மா கண் முன்னால் வந்துவிடுகிறார்; பேச்சை நிறுத்திவிட்டு, முதலில் கையை விட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.