பக்கத்துக் கட்டிலுக்கு வந்த ஸ்டூல்

செவ்வாய், வியாழன், சனி. காலை ஏழு மணிக்குக் குரோம்பேட்டையில் டயாலிசிஸ் மெஷினோடு என் இடது கையைக் கட்டிப்போட்டுவிடுவார்கள். நாலு மணி நேரம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கிட்னி போகும்வரை திருமுடிவாக்கத்தில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டிலில் ரிட்டயரான கணக்கு வாத்தியார். அவருக்கும் அதே நாலு மணி நேரம், அதே தடிமன் ஊசி. ஆனால் வியாழக்கிழமை வந்தால் அவர் பக்கத்தில் மட்டும் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போடுவார்கள்.

அதில் கவுன்சிலிங் மேடம் உட்காருவார். எங்களால் எழுந்து போக முடியாது என்பதால் பேச்சும் கட்டில் ஓரத்திலேயேதான். நடுவே ஒரு பச்சைத் திரை. முக்கால் மணி நேரம் வாத்தியார் பேசுவார், மேடம் கேட்பார். நான் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்பேன்.

எனக்கு ஏன் ஸ்டூல் வரவில்லை என்றால், அது என் தப்பு. ஆரம்பத்தில் எல்லாருக்கும் ஒரு பேப்பர் கொடுத்தார்கள். தூக்கம் வருகிறதா, எதிலாவது ஆசை இருக்கிறதா, வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றுகிறதா என்று கேள்விகள். மனசு சரியில்லாதவன் என்று எழுதிவிட்டால் மாற்றுக் கிட்னிக்குக் காத்திருக்கும் லிஸ்டிலிருந்து பேரை எடுத்துவிடுவார்களோ என்று பயம். ஒரு குறையும் இல்லை என்று டிக் அடித்துக் கொடுத்துவிட்டேன். அந்த வாரம்தான், சனிக்கிழமை டயாலிசிஸுக்குப் போகாமலே விட்டுவிட்டால் என்ன என்று இரும்புலியூர் பஸ் ஸ்டாப்பில் யோசித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

வாத்தியார் சொன்ன கவலைகளை என் கவலைகளோடு எடை போட்டுப் பார்ப்பேன். மகன் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போன் பண்ணுகிறானாம். ஒரு சொம்பு மோர் முழுசாகக் குடிக்க ஆசையாம். தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும் என்பது எனக்கும்தான். எனக்கு மட்டும் தாகம் இல்லையா? மூன்றாவது வாரம் அவர் ஷேவ் செய்துகொண்டு வந்தார்.

"சாரைப் பாருண்ணா, மாப்பிள்ள மாதிரி வந்துகீறாரு" என்றார் ஊசி போடும் டெக்னீஷியன்.

"வரட்டும், வரட்டும்" என்றேன். வயிறு எரிந்தது.

ஐந்தாவது வியாழக்கிழமை. திரைக்கு அந்தப் பக்கம் வாத்தியார் குரலைத் தாழ்த்தினார்.

"பக்கத்து பெட்காரரைப் பார்த்தா எனக்குப் பொறாமையா இருக்கு மேடம்."

"ஏன் சார்?"

"ஊசி போட்டதும் தூங்கிடறார். கவலைங்கறதே கிடையாது. அப்படி ஒரு ஆளா இருந்திருக்கலாம்."

எனக்கென்று மிச்சம் இருந்தது என் கவலை ஒன்றுதான். அதையும் இல்லை என்று சொல்லிவிட்டாரே.

"சார், நான் தூங்கல" என்றேன்.

வாத்தியார்தான் திரைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்.

"எத்தனை நாளா?"

"மொத நாள்லேர்ந்து சார்."

"அப்ப என் பையன் விஷயமெல்லாம்..."

"கேட்டுகினுதான் இருந்தேன். மன்னிச்சுக்கோங்க. மேடம், அந்த பேப்பர்ல நான் டிக் அடிச்சதெல்லாம் பொய்யி. சனிக்கிழமை வரலாமா, வேணாமான்னு ஒவ்வொரு வாரமும் யோசிக்கிறேன். இத்த சொன்னா லிஸ்ட்லேர்ந்து பேர எடுத்துடுவாங்களா?"

மேடம் திரையை விலக்கினார். "பேசினதுக்காக எடுக்க மாட்டாங்கண்ணா. டாக்டர்கிட்டயே கேட்டுச் சொல்றேன். இந்த சனிக்கிழமை நீங்க வந்துடுங்க. நானும் வரேன்."

வாத்தியார் என் பக்கம் திரும்பவில்லை.

சனிக்கிழமை போனேன். ஸ்டூல் என் பக்கத்தில் இருந்தது. லிஸ்டில் பேர் அப்படியே இருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். மேடம் எனக்கும் முழுசாக முக்கால் மணி நேரம் தருவாரா என்று முதலில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். வாத்தியார் ஊசி போடும் முன்பே கண்ணை மூடிவிட்டார். குறட்டைச் சத்தம் இல்லை.

"சார் தூங்குறாரா மேடம்?"

"தெரியலண்ணா. குரலை வேணா தாழ்த்திக்கோங்க."

தாழ்த்தாமலே சொல்ல ஆரம்பித்தேன்.